அஞ்சா, பதினஞ்சா, பதிமூணா?

வெலிமடை டவுனில் ஹாட்வெயார் கடைக்குப் போய் "ஒரு பிளக் தாங்க" என்றால் உடனே கிடைக்காது. "வட்டமா, சதுரமா? அஞ்சா, பதினஞ்சா, பதிமூணா?" என்று கடைக்காரர் கேட்பார். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் பதில் தெரியாமல் நின்று, வீட்டுக்கு ஃபோன் பண்ணி, சுவரில் உள்ள துளை எப்படி இருக்கிறது என்று பிள்ளையிடம் விசாரிப்பதை இங்கே அடிக்கடி பார்க்கலாம்.

வீட்டுச் சாமான்கள் பற்றி எழுதுகிறவன் என்பதால் ஊரில் பலரும் என்னிடம் யோசனை கேட்பார்கள். டிவி எத்தனை அங்குலம் எடுக்கலாம், எந்தக் கம்பெனி ஃபிரிட்ஜ் நல்லது, தவணைக்கு எடுத்தால் எவ்வளவு கூட வரும் என்றெல்லாம். பிளக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் வாங்கிய சாமான் கருகியோ சுவர் கறுத்தோ அவர்கள் மறுபடி வரும்போது பேச்சு பெரும்பாலும் பிளக்கில்தான் போய் நிற்கும். ஒரே நாட்டில், ஒரே 230 வோல்ட்டுக்கு, மூன்று விதமான பிளக் எதற்கு? யார் கொண்டுவந்தார்கள்? எனக்கு இது தெரிந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

முதலில் போனது தேயிலை ஃபெக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம். நான் கேட்டது பிளக்கை. அவர் தொடங்கியது தண்ணீரில். "கரண்டு மொதல்ல எந்திரத்துக்குத்தாம்ப்பா வந்துச்சு. லயத்துல குப்பி லாம்புதான்" என்றார். மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் ஓடையை மறித்து, தண்ணீரைக் குழாயில் கீழே இறக்கி, பெல்டன் சக்கரத்தைச் சுழலவிட்டு ஃபெக்டரியை ஓட்டினார்கள். பின்னால் தேசிய மின்வலை மலை ஏறியதும் அந்தச் சிறு நிலையங்களில் பல கைவிடப்பட்டன.

நுவரெலியா நகரத்துக்கு வெளிச்சம் கொடுக்க, நானுஓயா பக்கம் பிளாக்பூல் என்ற இடத்தில் 1912இல் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை எழுப்பியவர் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர. நாட்டின் ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் அவர் கட்டுரை எழுதிச் சமர்ப்பித்தார். லக்ஷபான ஓடத் தொடங்கியதோ 1950இல். எங்கள் ஊர் உமாஓயாவைப் புஹுல்பொலவில் மறித்து, மலையைக் குடைந்து 120 மெகாவாட் எடுக்கும் திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கரண்ட் ஊவா மலையில் பிறக்கிறது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பிராவுக்கு அது எல்லோருக்கும் பிறகுதான் வந்து சேர்ந்தது.

பெரியவர் கடைசியில் பிளக்குக்கும் வந்தார். துரை பங்களாவில் அவர் பழுது பார்த்த காலத்தில் சுவரில் சின்ன வட்டத்துளை ஒன்றும் பெரிய வட்டத்துளை ஒன்றும் இருந்தன. மேசை விளக்குக்கும் ரேடியோவுக்கும் சின்னது, ஹீட்டருக்குப் பெரியது. ஒன்றை மற்றதில் செருக முடியாது. "அது ஏன் அப்படின்னு யாரும் சொல்லித் தரல. மாத்திப் போடக் கூடாதுன்னு மட்டும் சொன்னாங்க."

அந்த ஏனுக்குப் பதில் பிரிட்டனில் 1934இல் வெளியான பி.எஸ். 546 என்ற தரக்குறிப்பில் இருக்கிறது. வட்டமுனைப் பிளக்குகளை அது 2, 5, 15, 30 அம்பியர் என்று நான்கு அளவாக வகுத்தது. அளவு கூடக் கூட முனையும் தடிக்கும். 5 அம்பியர் பிளக்கின் எர்த் முனையும் 15 அம்பியர் பிளக்கின் கரண்ட் முனையும் ஒரே தடிப்பு, 7.06 மில்லிமீட்டர். பெரிய பிளக் சின்னத் துளைக்குள் நுழையவே கூடாது என்பதுதான் கணக்கு. ஏனென்றால் ஒவ்வொரு அளவுத் துளைக்கும் பின்னால் அந்த அளவைத் தாங்கும் வயர் தனியாக ஓடும். அதன் தலையில், வீட்டின் பியூஸ் பெட்டிக்குள், அந்த அளவுக்கான பியூஸ் இருக்கும். பிளக்குக்குள் பொதுவாக பியூஸ் கிடையாது. துளையின் அளவைப் பார்த்தாலே சுவருக்குள் என்ன வயர் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நம்முடைய அஞ்சும் பதினஞ்சும் அங்கிருந்து வந்தவை. இந்தியாவில் இன்றும் சுவர்களில் இருக்கும் 6 அம்பியர், 16 அம்பியர் பிளக்குகளும் இதே குடும்பம்.

பதிமூன்று வேறு கதை. தேடலில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது அதுதான்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, குண்டு விழுந்து இடிந்த வீடுகளைப் போர் முடிந்ததும் எப்படிக் கட்டுவது என்று பிரிட்டனில் குழுக்கள் போட்டு யோசித்தார்கள். மின் வயரிங்குக்கென்று 1942இல் ஒரு குழு அமைந்தது. அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். 1895இல் பிறந்தவர். பெண்களுக்கான மின்சாரச் சங்கத்தை 1924இலிருந்து நடத்தி, வீட்டு வேலையின் சுமையை மின்சாரம் குறைக்க வேண்டும், அந்த மின்சாரம் வீட்டில் இருப்பவர்களைக் கொல்லாமலும் இருக்க வேண்டும் என்று பாடுபட்டவர். குழுவின் அறிக்கை 1944இல் வந்தது. சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் சுவர்த்துளைக்கு உள்ளே மூடி இருக்க வேண்டும் என்று அது அழுத்திச் சொன்னது. 1947இல் பி.எஸ். 1363 என்ற பெயரில் சதுரமுனைப் பிளக் பிறந்தது.

அந்தப் பிளக்கை ஒருமுறை கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். மேலே இருக்கும் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய்ச் சுவர்த்துளையின் மூடியைத் தள்ளித் திறந்தால்தான் மற்ற இரண்டுக்கும் வழி கிடைக்கும். பிள்ளை ஆணியையோ கம்பியையோ கீழ்த்துளையில் குத்தினால் மூடி தடுக்கும். எர்த் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிவதால், சாமானின் உடம்பில் கரண்ட் கசிந்தாலும் அதற்கு மண்ணுக்குள் இறங்க வழி இருக்கும். கேபிள் கீழ்ப்பக்கமாக வெளியே வருவதால் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றுவது கஷ்டம். ஒவ்வொன்றையும் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த அக்கறை என்னை நெகிழ வைத்தது.

ஆனால் இந்தப் பிளக்கைத் தனியாக யோசிக்கவில்லை. போர்க்காலத்தில் செம்புக்குப் பெரும் தட்டுப்பாடு. ஒவ்வொரு துளைக்கும் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்தால் செம்பு போதாது. அதனால் ஒரு தடித்த வயர் பெட்டியிலிருந்து புறப்பட்டு, அறைகளையெல்லாம் சுற்றி, மறுபடி பெட்டிக்கே வரும்படி வளையமாகப் போட்டார்கள். வளையத்தின் தலையில் 30 அம்பியர் பியூஸ். சாமானின் மெல்லிய கேபிளை அந்த 30 காப்பாற்றாது. அதற்காகத்தான் பிளக்குக்குள்ளேயே சின்ன பியூஸ் ஒன்றை வைத்தார்கள். சுவருக்குள் தடித்த வயர், துளைக்கு மூடி, பிளக்கில் பியூஸ் என்று எல்லாம் சேர்ந்ததுதான் பதிமூன்று.

பிரிட்டன் மாறத் தொடங்கியபோது இலங்கை சுதந்திரத்தின் வாசலில் நின்றது. நம் சுவர்களில் வட்டத்துளைகள் அப்படியே தொடர்ந்தன. சதுரத்துளை பிறகு புது வீடுகளோடு வந்து சேர்ந்தது. பல பத்தாண்டுகள் மூன்றும் ஒரே வீட்டில் இருந்தன. 2016இல்தான் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுரமுனையை நாட்டின் ஒரே தரமாக அறிவித்தது. நல்ல முடிவு. ஏன் நல்லது என்பதை எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் போனால் தெரியும்.

மலையகத்துப் பெண்கள் நிறையப் பேர் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தவர்கள். குவைத்திலிருந்து வந்த அயன் பெரும்பாலும் சதுரமுனை. சவூதியில் நீண்டகாலம் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் கலந்து ஓடின. அங்கிருந்து ஆசையாகச் சுமந்து வந்த சாமான் 127க்கானதாக இருந்து, இங்கே 230இல் செருகியதும் புகைந்துபோன கதை எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் உண்டு. சென்னைக்கும் திருச்சிக்கும் போய் வருகிறவர்கள் கொண்டுவரும் மிக்ஸி வட்டமுனை. இத்தனையும் ஒரு காம்பிராவின் ஒரே துளையில் ஓட வேண்டும். அதற்கு மல்டிபிளக், மல்டிபிளக்குக்கு மேல் அடப்டர், அதற்கு மேல் இன்னொன்று. இரண்டு முனை மட்டும் உள்ள சார்ஜர் சதுரத்துளையில் போகாவிட்டால் பேனாவையோ தீக்குச்சியையோ எர்த் துளைக்குள் குத்தி மூடியைத் திறந்து செருகிவிடுவார்கள். பிள்ளைகளைக் காக்க வைத்த மூடியைப் பிள்ளைகளின் கண்முன்னேயே திறக்கிறோம். அவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

தேடலின் கடைசி இடம் வெலிமடையில் வயரிங் வேலை செய்யும் ஒரு பாஸ். பி.எஸ். எண்ணெல்லாம் அவருக்கு வேண்டியதில்லை. அவர் பேசுவது வயரின் மொழி. 1/1.13 என்றால் ஒரே கம்பி, அதன் விட்டம் 1.13 மில்லிமீட்டர், பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். பல்புக்கு அது போதும். 7/0.67 என்றால் 0.67 விட்டத்தில் ஏழு இழை, பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர். 13 அம்பியர் துளைக்கு அதுதான் வேண்டும். பழைய 5 அம்பியர் துளையைக் கழற்றிவிட்டுச் சதுரத்துளை போட்டுத் தரச் சொல்லி நிறையப் பேர் கூப்பிடுகிறார்களாம். முகப்பைக் கழற்றினால் பல இடங்களில் உள்ளே ஓடுவது 1/1.13. "முகப்பு மாத்த அஞ்சு நிமிசம் போதும் தம்பி. வயர் மாத்தச் சொன்னா ஆள் திரும்பிக் கூப்பிடாது" என்றார்.

எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. ஐந்து அம்பியர் துளை 1150 வாட்டுக்கு மேல் கேட்காதே என்று சொல்லும். தண்ணீர் கொதிக்க வைக்கும் 2000 வாட் கேத்தல் 9 அம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். பழைய வட்டத்துளை அதற்கு இடம் கொடுக்காது. முகப்பைச் சதுரமாக்கிய பிறகு கேத்தல் தடையில்லாமல் நுழையும், வயரோ பழைய மெல்லிய வயர். பெட்டியில் சரியான பிரேக்கர் இருந்தால் அது விழுந்துவிடும். அறுந்த பீங்கான் பியூஸில் கனத்த கம்பியைச் சுற்றிவைத்த பெட்டியாக இருந்தால் எதுவும் விழாது, வயர் சூடாகிக்கொண்டே இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே, பலகைத் தடுப்புக்கு ஓரமாக. லயத்தில் தீ என்ற செய்தியில் மின்கசிவு என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் அந்த வயர்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. பதிமூன்றின் முகம் மட்டும் நமக்கு வந்தது. அதன் பின்னால் ஓட வேண்டிய தடித்த வயர் வரவில்லை.

அதனால் இப்போது யாராவது குக்கர் வாங்கவா, கேத்தல் வாங்கவா என்று கேட்டால் நான் முதலில் கேட்பது அவர்கள் வீட்டுப் பெட்டியையும் வயரையும்தான். அடுத்தது சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் தகடு. 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். வெறும் 110, 120, 127 என்று இருந்தால் அன்பளிப்பாகக் கொடுத்தாலும் நேராகச் செருகக் கூடாது. பிளக்கைத் தனியாக வாங்கும்போது எஸ்.எல்.எஸ். முத்திரையைத் தேடுங்கள். கீழ் இரண்டு முனைகளின் அடிப்பாதியில் பிளாஸ்டிக் உறை இருக்கும், அது சரி. உலோக எர்த் முனைக்கும் அதே உறை போட்டிருந்தால் அது போலி, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திறந்து பார்த்தால் பியூஸ் இருக்க வேண்டும். சுமார் 700 வாட் வரைக்கும் 3 அம்பியர் பியூஸ், அதற்கு மேல் 13. மிக்ஸியின் வட்டமுனையை வெட்டி மாற்றும்போது பழுப்பு வயர் பியூஸ் பக்கம், நீலம் எதிர்ப்பக்கம், பச்சை மஞ்சள் மேலே. எர்த் வயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டால் கேபிள் இழுபட்டாலும் அது கடைசியில்தான் அறும்.

ஒரு மல்டிபிளக்கில் கேத்தலையும் ரைஸ் குக்கரையும் அயனையும் சேர்த்துப் போட்டால் 2000, 700, 1000 என்று 3700 வாட் ஆகிறது, 16 அம்பியர். 13 அம்பியர் பிளக்குக்கே அது கூடுதல். அடுப்படிச் சாமான் ஒவ்வொன்றையும் நேரே சுவரில் செருகுங்கள், ஒன்று முடிந்து அடுத்தது. ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள். டிவி வாங்க வைத்த காசில் கொஞ்சத்தை அதற்குக் கொடுத்தாலும் பரவாயில்லை.

சொந்த வீட்டுக்காரர் ஒரு வார இறுதியில் 7/0.67 இழுத்து முடித்துவிடுவார். லயத்துக் காம்பிராவில் இருப்பவருக்கு அந்தச் சுவர் சொந்தமில்லை. உறுதிப்பத்திரம் இல்லை, கூரையும் பொது, பல இடங்களில் பக்கத்துக் காம்பிராவிலிருந்து வந்த வயரில்தான் வெளிச்சம். புதுச் சாமானுக்குக் காசு சேர்த்தவர்கள் சுவரைத் தொட அனுமதி கேட்டு நிற்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் இளைஞர்கள் சிலர் காம்பிரா காம்பிராவாகப் போய் வயரிங்கின் நிலையை எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கப் போகிறார்கள். எதையெல்லாம் எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். எத்தனை துளை இருக்கிறது என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், அந்தப் பாஸைக் கூட்டிப்போய், முகப்பைக் கழற்றி, உள்ளே ஓடுவது 1/1.13ஆ 7/0.67ஆ என்பதை முதல் வரியில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.