அம்மா சொன்ன மஸ்கெலியா

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவின் பழைய கடைவீதி தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அறுபதுகளின் கடைசியில் மவுசாக்கலை அணை கட்டியபோது டவுனையே மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். கடும் வறட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றுக்குள்ளிருந்து தலைகாட்டும். அந்தப் படங்கள் இப்போது வாட்ஸ்ஆப்பில் எங்கள் வீடுவரைக்கும் வந்துவிடுகின்றன. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். "இதுக்கு நேர் எதுத்தாப்புல புடவைக்கடை. சம்பளத்தன்னைக்கு ஐயா இங்கதான் பாண் வாங்கித் தருவாரு" என்பார். அவர் விரல் வைத்த இடத்தில் வெடித்துக் கிடக்கும் சேறுதான் எனக்குத் தெரியும்.

நான் இடுப்புக் குழந்தையாகக் கப்பலேறி வந்தவன். வளர்ந்ததும் பிழைப்பதும் கோத்தகிரியில். மஸ்கெலியாவைப் பற்றி எனக்குச் சொந்த ஞாபகம் என்று ஒரு துளிகூட இருக்க வழியில்லை. ஆனாலும் தேயிலை ஸ்டோரிலிருந்து லயத்து வீடுகளுக்கு இறங்கும் குறுக்குப்பாதையில் எந்த இடத்தில் வழுக்கும் என்று சொல்வேன். பிள்ளைக்காம்பரா, கணக்கப்பிள்ளை வீடு, மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நடும் மைதானம் எல்லாம் வரிசையாக வரும். பருவ காலத்தில் சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறவர்களுக்காக ராத்திரியில் போட்டிருக்கும் விளக்குகள், மலையின் முதுகில் ஒரு கோடாக மேலே போவதும் தெரியும். இதில் அம்மா சொன்னது எது, நானே கட்டிக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பிரித்தால் என் பங்குக்கு ஒன்றும் தேறாது.

சல்மான் ருஷ்டி, பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் மனத்துக்குள் கட்டிக்கொள்ளும் தாயகத்தைப் பற்றி 1982-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பிறப்பதற்கு முன் எடுத்த பம்பாய் வீட்டின் பழைய புகைப்படம் ஒன்றிலிருந்து அது தொடங்குகிறது. நல்ல கட்டுரைதான். படிக்கும்போது எனக்கு வந்த எண்ணம் வேறு: எங்கள் லயத்தை யார் படம் எடுத்தார்கள்? தோட்டத்தைப் பற்றிய பழைய படங்களில் துரையின் பங்களா இருக்கும், கூடை சுமந்த பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒற்றை அறையின் உள்பக்கம் இருக்காது. எங்களிடம் இருக்கும் ஒரே படம் பாஸ்போர்ட்டுக்காக அட்டன் ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் ஏதோ ஓர் அரண்மனைத் தோட்டம். அம்மாவைப் பெற்ற அம்மாயி நடுவில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாயியால்தான் நாங்கள் வந்தோம். அவர் துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சிறுமியாகப் போனவர். தோட்டத்தில் அவர் கொழுந்து பறித்த காலமெல்லாம் அந்தக் கிராமத்தைப் பற்றித்தான் பேச்சு. ஏரி, ஏரிக்கரையில் நாலு பனை, ஐயனார் குதிரை. லயத்துப் பிள்ளைகள் பூராவும் அந்த ஏரியில் பேச்சிலேயே குளித்து வளர்ந்தவர்கள். அவர்கள் எல்லோரும் 1948 குடியுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் போனவர்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தன் சொத்தைக்கூட இவ்வளவு கச்சிதமாகப் பாகம் பிரித்து நான் பார்த்ததில்லை.

விண்ணப்பம் போடும் காலம் வந்தபோது அம்மாயி இந்தியா என்றார், அம்மாவின் ஐயாவும் தலையாட்டினார். பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்படித்தான் அக்காள் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் ஆனது.

அட்டனில் ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அம்மாயியின் அப்பனையும் ஆத்தாளையும் சிலோனுக்குக் கூட்டிப் போகுமுன் சோதித்து அடைத்து வைத்திருந்ததும் அதே மண்டபத்தில்தான். அன்று கப்பலேறிய தனுஷ்கோடி மட்டும் இல்லை. ஒப்பந்தம் போட்ட அதே வருஷம் டிசம்பர் புயலில் அது போய்விட்டது.

கிராமத்தில் எங்களை ஒருவரும் அடித்து விரட்டவில்லை. ஆனால் பங்காளிகள் முகத்தில் ஒரே கேள்விதான்: நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறார்களோ? நிலம் ஒன்றும் பெரிதாக இல்லை. அம்மாயி மறுநாள் விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "இது அந்த ஏரி இல்ல" என்றாராம். பக்கத்தில் வேறு ஏரியே கிடையாது. சில மாதத்தில், நீலகிரியில் தேயிலை இருக்கிறது, சிலோன் ஆட்களுக்கென்றே அரசு தோட்டம் போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு மூட்டையைக் கட்டினார்கள். அதுதான் 1968-ல் தொடங்கி, பின்னால் டேன்டீ என்ற அரசுக் கழகம் ஆன தோட்டம். மறுபடியும் லைன் வீடு, மறுபடியும் கொழுந்து. அந்தத் தோட்டத்திலும் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் முடிவானது.

தமிழில் கடல் கடந்து போனவர்களுக்காக அழ ஆளுண்டு. பாரதி பிஜியைப் பார்க்காமலே அங்குள்ள கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடினார். புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் மருதியை இலங்கைத் தேயிலைக்கு அனுப்பினார். அங்கேயே இருந்தவர்களின் வாழ்க்கையை எழுத ஸி.வி. வேலுப்பிள்ளை இருந்தார், தெளிவத்தை ஜோசப் இருந்தார். திரும்பி வந்தவர்களுக்குத்தான் எழுத்தில் இடம் குறைவு. காரணம் விளங்காமல் இல்லை. அரசாங்கத் தாளில் நாங்கள் 'தாயகம் திரும்பியோர்'. வீட்டுக்கு வந்துசேர்ந்தவனுக்கு வீட்டு ஞாபகம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

இங்கே கடைத்தெருவில் எங்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. அதைக் கேட்டுக்கொண்டேதான் அம்மா சாயத்தண்ணி போட்டார், தேங்காய்ப்பூ ரொட்டியும் சம்பலும் செய்தார். எழுபதுகளில் கோத்தகிரியில் இலங்கை வானொலி கணீரென்று கேட்கும். பிறந்தநாள் வாழ்த்தில் ஏதாவது மஸ்கெலியாத் தோட்டத்தின் பெயர் வந்தால் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவருவார். யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்தாக வேண்டும். 1983-க்குப் பிறகு கடிதம் நின்றது, கப்பலும் நின்றது. பெரியம்மா உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியவே பல வருஷம் ஆனது.

அப்பாவுக்கு இந்த ஏக்கம் ஒன்றும் பிடிக்காது. "பத்தடிக்குப் பன்னெண்டடி அறைக்கு அழுவுறியா? விடியாத பனியில பெரட்டுக்கு ஓடுனது, கொழுந்து கெடுவுக்குக் குறைஞ்சா அரைநாள் பேரு போட்டது, காலெல்லாம் அட்டை உறிஞ்சுனது, அதெல்லாம் சொல்லு பையங்கிட்ட" என்பார். அவர் சொல்வதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மலையகத்தைப் பச்சைக் கம்பளம் போலக் காட்டும் சுற்றுலாப் படங்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. அம்மா அப்பாவோடு வாதாடியதே இல்லை. ஒரே ஒரு முறைதான் பதில் சொன்னார்: "அந்தப் பத்தடியிலதான் நானும் அக்காவும் ஒரு பாயில படுத்தோம்."

இப்போது பெரியம்மாவின் பேரன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். பெரியம்மா மகளின் மகன், என்னை மாமா என்பான். இரவு கடை அடைத்தபிறகு வீடியோவில் வருவான். அவனுக்கு இந்தியா என்றால் சினிமா. ஊட்டி பக்கம் என்றதும் எந்தெந்த நடிகரைப் பார்த்திருக்கிறேன் என்று கேட்டான். சென்னைக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் போக வேண்டும் என்றேன், நம்பவில்லை. போன மாதம் பேசும்போது, காசு சேர்த்துக்கொண்டிருப்பதாகவும் வந்தால் முதலில் துறையூருக்குத்தான் போக வேண்டும் என்றும் சொன்னான்.

"மாமா, நம்ம ஏரி இன்னும் இருக்கா? நாலு பனை இருக்குமே, அதுக?"

பெரியம்மா அங்கேயே பிறந்தவர், துறையூர்ப் பக்கம் வந்ததே இல்லை. அவர் அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார். நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். அம்மாயி கரையிலிருந்து திரும்பி வந்து சொன்னதைக் காதால் கேட்டவர் அவர்.

"ஏன் இல்லாம? நாலுல ஒண்ணு கொஞ்சம் சாஞ்சிருக்கும்டா சாமி" என்று ஆரம்பித்தார். ஐயனார் குதிரைக்கு என்ன நிறம் என்பதுவரை சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. மதகு எந்தப் பக்கம் என்று அவன் கேட்டதற்கும் பதில் வைத்திருந்தார்.