கலர் தெரியாதவன் போட்ட பாலம்

எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிச்சுப் பார்க்க வராது. எழுத்துத் தேர்வெல்லாம் தாண்டி ஒரு வேலைக்கு மெடிக்கல் போனப்பதான் இது தெரிஞ்சது. புள்ளி புள்ளியா இருந்த ஒரு புத்தகத்தை நீட்டி, நம்பரைப் படிங்கன்னார் டாக்டர். எனக்குப் புள்ளிதான் தெரிஞ்சது. வேலை போச்சு. ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அப்பா ஒரு வார்த்தை பேசலை.

அந்தச் சோகத்தை விடுங்க. அதற்கப்புறம் கறுப்பு வெள்ளைப் படங்கள் மேல் ஒரு பாசம் வந்துருச்சு. அப்படித் தேடினதில் மாட்டினவர்தான் சார்ல் மெரியோன். 1821ல் பிறந்தவர், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. ஓவியராகணும்னு வேலையை விட்டார். பார்த்தா அவருக்கும் நம்ம வியாதி! வண்ணத்தை மூட்டைகட்டிட்டு செம்புத் தகட்டுக்கு வந்தார். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி அமிலத்தில் போட்டால், கீறின இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை தேய்த்துத் தாளில் அழுத்தினால் படம்.

1854ல் பாரிஸின் 'போன் ஓ ஷான்ஜ்' பாலத்தை அப்படிப் போட்டார். ஒரு காலத்தில் காசு மாற்றுகிறவர்கள் கடை போட்டிருந்த பாலம், பெயரே அதனால்தான். படத்தில் கீழே சேன் நதியில் ஒருத்தன் மூழ்கிக்கிட்டிருக்கான். மேலே வானத்தில் ஒரு பலூன். அதில் 'ஸ்பெரான்ஸா' என்று எழுதியிருக்கும். இத்தாலிய மொழியில் நம்பிக்கைன்னு அர்த்தம்.

1858ல் அந்தப் பாலத்தை இடிக்க ஆரம்பித்தார்கள். அதே வருஷம் மெரியோனை ஷாரன்டன் மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். பாலம் போனாலும் தகடு அவர் கையில் இருந்ததே. பலூனைச் சுரண்டி எடுத்துட்டு வானம் முழுக்கப் பறவைகளைக் கீறினார். கவிஞர் போத்லேர் இவருடைய ரசிகர். பாரிஸ் வானத்தில் இத்தனை கழுகா, நம்பற மாதிரி இல்லையேன்னார். சகுனம் பார்க்க அரசாங்கமே கழுகுகளைப் பறக்கவிடுதேன்னு சீரியஸா பதில் சொன்னாராம் மனுஷன். அப்புறம் பறவைகளையும் எடுத்துட்டு மறுபடி பலூன்கள், இந்தத் தடவை கூட்டமாக. 1868ல் ஷாரன்டனிலேயே இறந்துபோனார்.

மூழ்கறவனை மட்டும் கடைசிவரை கரையேத்தவே இல்லை.

முதல் பலூன் இருக்கிற படத்தை பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டியிருக்கேன். போன மாசம் வந்த அப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "கலரே இல்லையேடா"ன்னார்.

"இல்லப்பா, இவ்வளவுதான்."

"நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுக் காபி கேட்டார்.