இருண்ட சாளரங்கள்



கடந்த நவம்பரில் சில நாள் ஓய்வுக்காகக் கோர்ன்வால் பகுதியிலுள்ள செயின்ட் ஐவ்ஸ் நகருக்குச் சென்றிருந்தேன். ஒருகாலத்தில் சாளை மீன்பிடியால் வாழ்ந்த துறைமுகம் அது. மாலையில் செபமாலை சொல்லியவாறு பழைய மீனவர் தெருக்களில் நடந்தேன். வீட்டுக்கு வீடு சாளரங்கள் இருண்டு கிடந்தன. விடுமுறைக்கு வருவோர் திறப்பை எடுத்துக்கொள்வதற்கான சிறு பெட்டிகள் மட்டுமே கதவோரங்களில் தொங்கின. படகருகே நின்ற முதியவர் ஒருவர் தாம் பிறந்த வீட்டைச் சுட்டிக்காட்டினார். இன்று அவர் தொலைவிலுள்ள மேட்டுக் குடியிருப்பிலிருந்து பேருந்தில் வந்தே கடலுக்குப் போகிறார்.

அந்நகர மக்கள் வாளாவிருக்கவில்லை. புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிலையாகக் குடியிருப்போருக்கே உரியவை என, 2016ஆம் ஆண்டு மே மாத வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் தீர்ப்பளித்தனர். ஆயினும் பழைய வீடுகளுக்கு அவ்விதி பொருந்தாது. போர்த்மியர் கடற்கரையில், ஓவியர்களின் கலைக்கூடங்களுக்குக் கீழே, மீனவரின் வலைக்கிடங்குகள் இன்றும் நிலைத்திருக்கின்றன. அக்கட்டடம் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருப்பதால் அது இயலுகிறது.

அன்றிரவு அரசர் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்தை வாசித்தேன். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பிய ஆகாபு, தொடக்கத்தில் வன்முறையை நாடவில்லை. நல்ல விலையையே முன்வைத்தான். அவ்வரி என்னைச் சுட்டது.

ஏனெனில், மன்னார்க் கரையில் என் தந்தையாரின் வாடி இருந்த காணியை விற்பதற்கு என் உடன்பிறந்தோர் அண்மையில் கையொப்பம் கேட்டிருந்தனர். வாங்க விரும்புபவர் நம்மைப் போன்றே வெளிநாட்டில் வாழும் தமிழர். விடுமுறை இல்லம் கட்ட எண்ணியிருக்கிறார். விலை நல்லது என்று நானும் மகிழ்ந்தேன். இன்றும் அக்காணியின் வழியாகத்தான் அயலவர் வள்ளங்களைக் கரையேற்றுகின்றனர், அங்கேதான் வலை உலர்த்துகின்றனர் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

வாங்குபவர் தீயவர் அல்லர்; ஊரின் ஏக்கமே அவரை அழைக்கிறது. ஆனால் நமது பவுணுக்கும் டொலருக்கும் முன்னால், அன்றாடம் கடலை நம்பி வாழ்பவர் எவ்வாறு விலை பேச முடியும்?

நான் இன்னும் கையொப்பமிடவில்லை. வள்ளக்காரரோடு முதலில் பேசுமாறு தம்பிக்கு எழுதியிருக்கிறேன். கரையில் காணி வாங்கவோ விற்கவோ எண்ணும் அன்பர்களே, நீங்களும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நாம் விமானமேறிய பின்னர், அவ்வீட்டில் விளக்கேற்றப் போவது யார்?

செபத்தில் ஒன்றித்திருப்போம்.