விழுந்து பழகும் வானம்

கணினித் திரையில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் பொழுதுபோக்கிற்குப் புதிதாக வருவோரை நாங்கள் எளிதில் இனங்கண்டுகொள்வோம். ஓடுதளத்திற்குச் செல்லும் வழியில் விமானத்தைத் திருப்ப, கார் ஓட்டுவதுபோல் கைப்பிடியை வளைத்துக்கொண்டிருப்பார்கள். விமானமோ புல்வெளியை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். தரையில் திருப்புவது கால்மிதியின் வேலை என்றால், "காலுக்குமா வேலை?" என்பார்கள். வருக, வருக! உங்களைத்தான் எதிர்பார்த்திருந்தோம்.

அடுத்த சோதனை தரையிறக்கம். செஸ்னா 172 விமானம் ஏறத்தாழ 65 நாட் வேகத்தில் ஓடுதளத்தை அணுக வேண்டும். தரை நெருங்கும் அச்சத்தில் புதியவர் மூக்கைத் தூக்குவார், வேகம் குறையும், இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். மீள்வதற்கு மூக்கைத் தாழ்த்தி, எஞ்சின் விசையைக் கூட்ட வேண்டும். விழுந்துகொண்டிருப்பவரிடம் "இன்னும் குனியுங்கள்" என்னும் அறிவுரை உலகில் எங்கும் எடுபடாது. எங்களிடையேயும் முதல் நாளில் எடுபட்டதில்லை.

சிரிப்போம்; ஆனால் சிரிப்பிலும் இருவகை உண்டு. எங்களிடையே வந்த ஓர் இளைஞர் உயரமானியைப் பற்றி ஏதோ கேட்டார். "இதுகூடத் தெரியாமலா பறக்க வந்தீர்?" என்றார் மூத்தவர் ஒருவர். பலரும் நகைத்தார்கள். இளைஞர் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை, மறுவாரம் வரவுமில்லை.

இக்கருவி பிறந்த கதையை அம்மூத்தவர் மறந்திருக்க வேண்டும். ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர் எட்வின் லிங்க், அதன் காற்றுத் துருத்திகளைக் கொண்டே 1929இல் பறக்காத பயிற்சி விமானமொன்றை அமைத்தார். தொடக்கத்தில் கேளிக்கைப் பூங்காக்களே அதனை விரும்பி வாங்கின. 1934இல் தபால் சுமந்த இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்ட பின்னரே அமெரிக்க இராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது. வானில் விழாதிருக்க அறைக்குள் விழுந்து பழகுவதே அதன் நோக்கம். அவ்வகையில், விழுகின்ற புதியவரே இக்கருவியை முறையாகப் பயன்படுத்துகிறார் எனலாம்.

ஆகவே நண்பரே, விமானம் நொறுங்கினால் மன்னிப்புக் கேளாதீர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் அது புத்தம் புதிதாய் ஓடுதள முனையில் நிற்கும். ஐயம் இருப்பின் கேளுங்கள்; நேற்றுக் கேட்டதாயினும் கேளுங்கள்.