நாற்பத்தைந்து நிமிடம்



திருநெல்வேலியிலிருந்து நாஞ்சில் நாட்டிற்குள் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பது காற்றுதான். காவல்கிணற்றைக் கடந்து முப்பந்தலை நெருங்கும்போதே அது காரின் கதவை உலுக்கத் தொடங்கிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகின்ற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்து கிடக்கிறது. அரபிக் கடலிலிருந்து கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியே பாய்கிறது. அதனால்தான் நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று இங்கே அமைந்தது. இந்தக் கணவாய்க்குப் பழைய கதைகளும் உண்டு. திருவிதாங்கூரின் எல்லைக் காவலாக இங்கிருந்த அரணை 1809ஆம் ஆண்டு வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படை கைப்பற்றியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகு அந்த எல்லையும் மறைந்தது.

இத்தனை முறை கடந்து சென்ற அந்த இடத்தில், சென்ற ஆண்டு ஆடிக் காற்றில் மூன்று மணி நேரம் சாலையோரம் நின்றேன். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

தக்கலையில் எனக்குக் குர்ஆன் ஓதக் கற்றுத்தந்த உஸ்தாத் அவர்கள் அன்று சுபுஹு நேரத்தில் வஃபாத்தானார்கள். ஏழு வயதில் அவர்கள் முன் பலகையோடு அமர்ந்தவன் நான். இன்று நான் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒவ்வோர் எழுத்தும் அவர்கள் தந்தது. லுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று செய்தி வந்தது. மேலப்பாளையத்தில் இருந்த நான், இன்னா லில்லாஹி சொல்லி எழுந்து, மனைவியின் தம்பியை அழைத்துக்கொண்டு அவருடைய காரில் ஒன்பது மணிக்குப் புறப்பட்டேன். இரண்டு மணி நேரப் பயணந்தான். ஜனாஸாவைக் குளிப்பாட்டும் முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணினேன்.

பத்தேகால் மணிக்கு, முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டிச் சிறிது தூரத்தில், கார் சத்தமின்றி உயிர்விட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழன்றது; பற்றிக்கொள்ளவில்லை.

காப்பீட்டுடன் கூடுதல் பணம் கட்டிச் 'சாலையோர உதவி' என்ற வசதியைப் பெற்றிருந்தார் என் மைத்துனர். தொலைபேசியில் ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, இசை கேட்டுக் காத்திருந்து, கடைசியில் ஒரு மனிதக் குரலை அடைந்தோம். அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. முப்பந்தல் என்றால் விளங்கவில்லை. நாகர்கோவில் என்றதும் எழுத்துக் கூட்டச் சொன்னது. பின்கோடு கேட்டது. காற்றாலைகளுக்கு நடுவே நிற்கிறவனுக்குப் பின்கோடு எப்படித் தெரியும்? முடிவாக, "நாற்பத்தைந்து நிமிடத்தில் வண்டி வந்துவிடும்" என்ற உறுதி கிடைத்தது.

வாசகர்களே, இந்தச் சொல்லைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

"நீங்க பஸ்ஸிலே போயிருங்க மச்சான். நான் வண்டியைப் பாத்துக்கிடுதேன்" என்று மைத்துனர் அப்போதே சொன்னார். ஆரல்வாய்மொழி வரை நடந்தோ, வழியில் வருகிறவர் எவரிடமேனும் கேட்டு ஏறியோ போயிருந்தால், அங்கிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்து உண்டு. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நாற்பத்தைந்து நிமிடந்தானே என்று நான் நின்றேன். பதினொன்றுக்கு மீண்டும் பேசினோம், "புறப்பட்டுவிட்டது" என்றார்கள். பதினொன்றரைக்கு "அருகில் வந்துவிட்டது" என்றார்கள். பன்னிரண்டுக்கும் அதே பதில்தான். ரெக்கவரி வண்டி வந்தபோது மணி ஒன்று பத்து. தமக்கு அழைப்பு வந்ததே பன்னிரண்டரைக்குத்தான் என்றார் அதன் ஓட்டுநர். அப்படியானால் அதுவரை எங்களுக்குச் சொல்லப்பட்ட 'அருகில்' எந்த ஊரின் அருகில்?

தக்கலையில் என் உஸ்தாதின் ஜனாஸாவுக்கு ஜமாஅத் அணிவகுத்து நின்ற நேரத்தில், நான் காரோடு காராகச் சங்கிலியில் கட்டப்பட்டுத் தோவாளைப் பூச்சந்தையைக் கடந்துகொண்டிருந்தேன். 'மூன்று மணி நேரம் ஆகும், எங்களால் முடியாது' என்று முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அவருக்குத் துஆச் செய்திருப்பேன். இயந்திரம் பழுதாவது இயல்பு. அதற்காக எவரையும் நோக முடியாது. என்னைத் தடுத்து நிறுத்தியது அந்தப் பொய்யான நாற்பத்தைந்து நிமிடம்.

நாகர்கோவிலின் ஓரத்தில் ஓர் ஒர்க்ஷாப்பில் காரை இறக்கினார்கள். உரிமையாளர் ஸலாம் சொல்லி வரவேற்றார். சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் ஆயத்துல் குர்ஸீ. என் மனம் அங்கேயே நிம்மதி அடைந்துவிட்டது. ஒரு கேள்வியும் கேட்கத் தோன்றவில்லை. அவர் சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டார். பெட்ரோல் டாங்கினுள் இருக்கும் பம்ப் வேலை செய்தால் சாவி போட்டதும் 'ம்ம்' என்று இரண்டு விநாடி முனகும். அந்த முனகல் இல்லை. "பம்ப் போயிட்டு, மாத்தணும்" என்றார். மாற்றினார். 7,200 ரூபாய் வாங்கினார். கார் ஓடியது.

வில்லுக்குறி வரை ஓடியது.

தக்கலைக்கு இன்னும் சில கிலோமீட்டர்தான். அதே மாதிரி சத்தமின்றி நின்றது. எதிரே ஒரு சிறிய ஷெட். வாசலில் சிலுவை, உள்ளே அறுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக். பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்ப் ஒன்றை எடுத்து வந்து பியூஸ் பெட்டியைத் திறந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பியூஸ் எரிஞ்சிருக்கு பாய். பம்புக்குக் கரண்டே போகல்ல. பழைய பம்ப் எங்க?"

"கடையிலேயே விட்டுவிட்டோம்."

"கேட்டு வாங்கியிருக்கணும். அதுல குத்தம் இருந்திருக்காது."

பிறகு காரின் அடியில் படுத்து, தகட்டின் விளிம்பில் உரசி உறை தேய்ந்துபோன ஒரு வயரைக் காட்டினார். குலுங்கும்போது அது தகட்டைத் தொடுகிறது, உடனே பியூஸ் எரிகிறது, பம்ப் நிற்கிறது, எஞ்சினும் நிற்கிறது. வயருக்கு டேப் சுற்றி, விளிம்பில் படாதவாறு இழுத்துக் கட்டி, புதிய பியூஸ் போட்டார். நூற்றைம்பது ரூபாய் கேட்டார். கூடுதலாக நீட்டியதை வாங்க மறுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முதல் கடையில் கார் ஓடியதென்றால் அங்கேயும் எரிந்த பியூஸை எடுத்துவிட்டுப் புதியது போட்டிருக்க வேண்டும். பியூஸ் மாற்றாமல் புதிய பம்பும் ஓடியிராது. பில்லில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறியாமையா, அவசரமா, வஞ்சனையா? அல்லாஹ்வே நன்கறிந்தவன். ஒரு முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளவே நாம் பணிக்கப்பட்டிருக்கிறோம். ஆயினும் சுவரில் தொங்கிய ஆயத்தைப் பார்த்துக் கேள்வி கேட்காமல் இருந்தேனே, அது என் பிழை.

தக்கலையை அடைந்தபோது மஃரிபுக்கு பாங்கு ஒலித்தது. கப்ரின் மேல் மண் ஈரமாக இருந்தது. அதன் அருகில் நின்று தனியாக ஜனாஸாத் தொழுதேன். இதே ஊரில்தான் ஞானி பீர் முகம்மது அப்பா அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். ஞானப்புகழ்ச்சி பாடிய அப்பெரியார் நெசவு செய்து வாழ்ந்தார்கள் என்று இவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். நெய்த துணியில் ஓர் இழை அறுந்திருந்தால் வாங்குகிறவன் விரித்துப் பார்த்துவிடலாம். காரின் மூடிக்குள் இருப்பதை நம்மில் எத்தனை பேர் பார்த்தறிய முடியும்?

இந்தத் தொழிலின் சோதனையே இங்குதான் இருக்கிறது. விற்பவருக்கு எல்லாம் தெரியும். வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. அவரோ நடுவழியில் அவசரத்தில் நிற்கிறார். தானியக் குவியலுக்குள் கை விட்டுப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை அடியில் மறைத்திருந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அளவையில் மோசம் செய்வோரை எச்சரிக்கும் 'அல்முதஃப்பிஃபீன்' என்ற 83ஆம் அத்தியாயத்தை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். தராசும் படியும் மட்டுமே என் விளக்கத்தில் வரும். இப்போது, வருவதாகச் சொன்ன நேரத்தைக் குறைத்துச் சொல்வதும் அளவையில் மோசந்தான் என்று சேர்த்துச் சொல்கிறேன்.

பயணம் செய்யும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணை அழையுங்கள். அது இரவு பகலாக இயங்குகிறது. உதவிக்கு வருகிறவர் சொல்லும் நேரத்தை மட்டும் நம்பி முக்கியமான காரியத்தை நிறுத்தி வைக்காதீர்கள். வாகனத்திற்குக் காவலாக ஒருவர் இருக்க, மற்றவர் கிடைத்த பேருந்தில் ஏறிவிடுங்கள். ஒரு பாகத்தை மாற்றும் முன் 'இதற்கு மின்சாரம் வருகிறதா, பியூஸ் பார்த்தீர்களா?' என்று பணிவாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கையோடு வாங்குங்கள். நான்கைந்து பியூஸ்களைக் காரில் வைத்திருங்கள். விலை மிகச் சொற்பம். பெரிய இழப்பு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். என் மைத்துனர் பழைய பம்பைக் கேட்டு மறுவாரம் அந்தக் கடைக்குப் போனார். "காயலான் கடைக்குப் போட்டாச்சு" என்றார்களாம். சான்று இல்லாமல் எங்கே முறையிடுவது?

பணம் போனது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. என் உஸ்தாதின் சந்தூக்குக்கு ஓரடியேனும் தோள் கொடுக்கும் பாக்கியம் போனது. அதை எந்த ஆணையமும் திருப்பித் தராது.

ஒர்க்ஷாப் நடத்தும் சகோதரர்களே! உங்கள் வாசலில் வந்து நிற்கிறவர் எந்த மையித்து வீட்டுக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. முடியாததை முடியாது என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லும் ஸதகாவாக அமையலாம்.

வில்லுக்குறியின் அந்த முதியவருக்கு அல்லாஹ் நல்ல உடல்நலத்தைத் தருவானாக! என் உஸ்தாதின் கப்ரை விசாலமாக்குவானாக! நம் சொல்லையும் அளவையையும் நேராக்குவானாக! ஆமீன்.