வெயிலும் வயிறும்

கடலில் நீந்தி, கரையேறித் துவிச்சக்கரவண்டி மிதித்து, அதைவிட்டிறங்கியதும் ஓடத் தொடங்கி, இம்மூன்றையும் இடையில் ஓய்வின்றி முடிக்கும் போட்டிக்குத் தமிழில் இன்னும் நிலைத்த பெயர் ஒன்று அமையவில்லை. 'முப்போட்டி' என்று வகுப்பறையிற் சொல்லிப் பார்த்தோம், மாணவர் சிரித்தனர். 'ட்ரையத்லன்' என்றே அவர்கள் நாவில் வழங்குகிறது. பெயர் எதுவாயினும் ஆகுக. 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் நாள் காலிமுகத்திடலில் அப்போட்டி நடைபெற்றது. 'அயன்மேன் 70.3' என்பது அதன் பெயர். 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். மூன்றையும் மைலாகக் கூட்டினால் 70.3 வரும்; பெயரின் மர்மம் அவ்வளவே.

நம் பல்கலைக்கழகத் தோழர் ஒருவர், வெள்ளவத்தைவாசி, வங்கியொன்றிற் கடமையாற்றுபவர், அப்போட்டியிற் கலந்துகொண்டார். மாதக்கணக்கில் மரைன் டிரைவ் வீதியில் விடியுமுன் ஓடிப் பயின்றவர். காலுக்குரிய பயிற்சி யாவும் செய்தார். வயிற்றுக்குரியதை எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல்நாளிரவு பதற்றத்தில் சரியாக உண்ணவில்லை. விடியலில் ஒரு வெறுந்தேநீரும் இரண்டு பிஸ்கற்றும். சைக்கிளில் தண்ணீரை மட்டும் குடித்தபடி சென்றார். பாதி வழியில் தலை கனக்க, முன்பு ஒருபோதும் சுவைத்துப் பாராத இனிப்புக் களிப்பொதிகள் மூன்றை அடுத்தடுத்து விழுங்கினார். ஓட்டம் தொடங்கியபோது வெயில் உச்சியை நெருங்கிவிட்டது. வாந்தி, அதன்பின் கெண்டைக்காற் பிடிப்பு, பின்னர் நடை. எப்படியோ எல்லைக் கோட்டைக் கடந்தார். அன்று மாலை அவர் வீட்டுக்குச் சென்றபோது எங்களிடம் கூறியது இதுதான்: "மச்சான், காலை நம்பிப் போனன், வயிறு கைவிட்டிட்டுது."

அவர் கூற்றில் உடற்றொழிலியல் முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம்.

மனித உடல் தன் தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கக்கூடிய மாச்சத்து ஏறத்தாழ 500 கிராம். வெப்பக் கணக்கில் 2000 கலோரி. கடினமாக உழைக்கும் ஒருவர் மணிக்கு 600 அல்லது 700 கலோரியைச் செலவிடுவார். ஆறேழு மணி நேரப் போட்டியில் சேமிப்பு எப்போது கரையும் என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கணித்துவிடும். உடற்கொழுப்பு ஓரளவு துணை நிற்கும். ஆயினும் அது மெல்ல எரியும் விறகு. ஆகவேதான் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாச்சத்தைப் போட்டியின்போதே உட்கொள்ள வேண்டும் என்பர் வல்லுநர். இரண்டு மூன்று வாழைப்பழத்தில் அறுபது கிராம் கிடைத்துவிடும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

சிக்கல் வெயிலில் இருக்கிறது. கொழும்பின் காற்று ஈரம் மிக்கது. வியர்வை உடலை விட்டு ஆவியாகிப் போனாற்றான் உடல் குளிரும். இங்கே அது சொட்டி நிலத்தில் விழுகிறது, குளிர்ச்சியைத் தருவதில்லை. மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் நீர் வெளியேறும். உப்பும் அதனோடு போகும். உடலைக் குளிர்விப்பதற்காகக் குருதி தோலை நாடி ஓடுகிறது. உழைக்கும் தசைக்கும் குருதி வேண்டும். எஞ்சிய வயிறோ வறண்டு கிடக்கிறது. அந்நிலையில் செறிந்த இனிப்பை அதற்குள் தள்ளினால் அது செரிக்காது, திருப்பியே அனுப்பும். தோழருக்கு நேர்ந்தது அதுவே. வெயிலில் உண்ண வேண்டியதை நீர்த்ததாகவும் சிறிது சிறிதாகவும் உண்ணவேண்டும். அதையும் பல வாரம் முன்னரே வயிற்றுக்குப் பழக்கவேண்டும்.

வெறுந்தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்தே. குருதியிலுள்ள சோடியம் ஐதாகி மூளை வீங்கும். 2002 இல் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தை முடித்தவர்களுள் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது நூற்றுக்குப் பதின்மூவரிடம் அக்குறைபாடு காணப்பட்டது. நா வறண்டவனுக்குத் தண்ணீர் கொடு என்பது தருமம். அதில் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கொடு என்பது விஞ்ஞானம்.

இவ்விளையாட்டைத் தோற்றுவித்தவர்களே இவற்றை அறிந்திருந்தார்கள் என்று எண்ணவேண்டாம். 1978 பெப்ரவரியில் ஹவாயின் ஓவாகுத் தீவில் முதலாவது அயன்மேன் போட்டி நடந்தபோது பதினைவர் புறப்பட்டனர், பன்னிருவர் முடித்தனர். ஒவ்வொருவரும் தமக்கு உணவும் நீரும் தருவதற்குத் தாமே ஆட்களை அமர்த்திக்கொண்டனர். முன்னணியில் ஓடிய ஜோன் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்து போயிற்று. என் செய்தனர்? பியரைக் கொடுத்தனர்! அவர் தள்ளாடித் தள்ளாடி இரண்டாமிடத்தில் வந்து சேர்ந்தார். படித்தபோது சிரித்தோம்.

ஆனால் சிரிப்புக்கு அப்பால் எண்ணவேண்டிய வரலாறு ஒன்று உண்டு. சர்க்கரையும் உப்பும் கூடி நிற்கும்போதுதான் குடல் நீரை விரைந்து உறிஞ்சுகிறது என்னும் உண்மை 1960 களில் தெளிவாயிற்று. 1965 இல் புளொரிடாப் பல்கலைக்கழகத்தில் றொபேட் கேட் என்னும் மருத்துவர், உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஒன்றைத் தம் பல்கலைக்கழக அமெரிக்க உதைபந்தாட்ட வீரருக்கு ஆக்கிக் கொடுத்தார். அது 'கேற்றரேட்' என்னும் பெயரில் உலகச் சந்தையை ஆண்டது. 1971 இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரப் போங்காவ் அகதி முகாமில் வாந்திபேதியால் மக்கள் மாண்டு கொண்டிருந்தனர். நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்து போயிற்று. திலீப் மகலநாபிஸ் என்னும் மருத்துவர் உப்பையும் சர்க்கரையையும் நீரிற் கரைத்து, தாய்மார் கையாலேயே பருகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. இன்று நம் வீட்டுச் சிறுவனுக்கு வயிற்றோட்டம் என்றால் மருந்துக்கடையில் வாங்கும் 'ஜீவனி'ப் பொதி அதன் வழிவந்ததே. அடிப்படை ஒன்று. ஒன்று வண்ணப் போத்தலில் அடைபட்டு விளம்பரத்தில் மின்னுகிறது. மற்றொன்று காகிதப் பொதியில் உயிர் காக்கிறது. எது பெரிதெனப் புகழப்படுகிறது என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது.

காலிமுகத்திடலிலிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் புறக்கோட்டை. அப்பால் துறைமுகத்தை ஒட்டி நாம் கற்பிக்கும் கொட்டாஞ்சேனை. புறக்கோட்டையின் ஒடுங்கிய தெருக்களில் வெங்காய மூடையும் அரிசி மூடையும் ஏற்றிய கைவண்டிகளை நாட்டாமைத் தொழிலாளர் இழுத்துச் செல்வதை எவரும் கண்டிருப்பர். அவர்களுக்கும் அதே பெப்ரவரி வெயில்தான், அதே ஈரக்காற்றுத்தான். ஆறு மணி நேரமன்று, பத்து மணி நேரம். வழிநெடுகத் தண்ணீர் நீட்டுவார் இல்லை. எல்லைக் கோட்டிற் கழுத்தில் பதக்கம் அணிவிப்பாரும் இல்லை. விடியலில் ஒரு கிண்ணம் இலைக்கஞ்சி குடிக்கும் முதியவர் ஒருவரை நாம் அறிவோம். உப்புப் போட்ட கஞ்சியையே அவர் கேட்டு வாங்குவார். மாச்சத்து, உப்பு, நீர்: வல்லுநர் சொல்வது மூன்றும் அக்கிண்ணத்தில் உண்டு. அவருக்கு எவரும் போசாக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்ததில்லை. அவர் பேரன் நம் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான்.

அவனைப் போன்றோரை எண்ணியே இக்கட்டுரை எழுத நேர்ந்தது. தை பிறந்தால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காலம். மரதன் ஓட்டம், அணிநடை, பிரதம விருந்தினர், கொடியேற்றம். விருந்தினர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்தரைக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாய் நிற்பர். நாம் பணிபுரிந்த பாடசாலைகளில் அணிநடையின்போது பிள்ளைகள் மயங்கி விழாத ஆண்டு ஒன்றேனும் நினைவில் இல்லை. விழுந்தவர்களை நிழலுக்குத் தூக்கிச் சென்று முகத்தில் நீர் தெளித்து, "காலமை என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்போம். விடை எப்போதும் ஒன்றே: "பசிக்கேல்லை சேர்." கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் வேறு விதமாக, "பசிக்கல சேர்" என்பர். சொல்தான் வேறு.

பசி இல்லாமலா? 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டிற்று. முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கியதற்கு ஏறக்குறைய இருநூறு கொடுக்க நேர்ந்தது. பின்னர் பணவீக்கம் தணிந்தது உண்மை. ஆனால் ஏறிய விலை பழைய படிக்கு இறங்கவில்லை. அக்காலத்தில் பல வீடுகளிற் காலை உணவு கைவிடப்பட்டது. கைவிட்ட பழக்கம் சில வீடுகளில் இன்னும் திரும்பவில்லை. அரசின் பாடசாலை உணவும் பெரும்பாலும் ஆரம்ப வகுப்பினரோடு நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்குப் பசி குறைந்துவிடும் என்று எந்த மருத்துவ நூல் கூறுகிறதோ!

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய மாணவன் ஒருவன் உயிர்நீத்தான். அதன் காரணங்களை ஆராயும் தகுதி நமக்கில்லை. ஆயினும் அச்செய்தி வந்த வாரம் ஆசிரியர் அறையில் எவரும் உரக்கப் பேசவில்லை. வெப்பம் மிகுந்த நாட்களில் வெளியரங்க விளையாட்டை மட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சு அவ்வாண்டிற் பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியதும் உண்டு. அறிவுறுத்தல் நிழலைப் பற்றிப் பேசிற்று. நீரைப் பற்றிப் பேசிற்று. காலை உணவு வீட்டின் பொறுப்பு என்றே எவரும் கொள்வர்.

இவ்வாண்டு நம் பாடசாலை ஆசிரியர் கூட்டத்தில் இரு வேண்டுகோள்களை வைத்தோம்: மரதன் ஓட்டம் காலை ஆறு மணிக்கே தொடங்கவேண்டும், ஓடுமுன் அனைவருக்கும் உப்பிட்ட கஞ்சி கொடுக்கவேண்டும். முதலாவதை உடனே ஏற்றனர். இரண்டாவதற்குச் செலவு பேசினர். "சாப்பிடாதவர்களை விசாரித்து ஓட்டத்திலிருந்து நிறுத்திவிடலாமே" என்றார் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான். எவ்வாறு விசாரிப்பது? நம் பத்தாம் வகுப்பில் நெடுந்தூரம் ஓடுவதில் வல்ல பெண்ணொருத்தி இருக்கிறாள். எப்போது கேட்டாலும் "சாப்பிட்டேன் சேர்" என்பாள். சாப்பிடவில்லை என்று சொன்னால் ஓடவிடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வறுமையை ஒப்புக்கொண்டாற்றான் உணவு என்பது ஒரு தண்டனை; ஒப்புக்கொண்டால் ஓட்டமும் இல்லை என்பது இரண்டாம் தண்டனை. எல்லோருக்கும் ஒரே பானையில் ஊற்றினால் எவரையும் எதுவும் கேட்கவேண்டியதில்லை.

அரிசியை மாணவனொருவனின் தந்தையாகிய கடைக்காரர் கொடுத்தார். தேங்காயும் உப்பும் ஆசிரியர் செலவு. ஐந்து மணிக்குப் பானை இறங்கிற்று. கிண்ணங்கள் போதாமையாற் சிலர் மூடியில் வாங்கிக் குடித்தனர். அவள் இருமுறை வந்தாள். ஓட்டத்தில் மூன்றாமிடம். அன்று ஒருவரும் மயங்கவில்லை. ஒரு நாளைக் கொண்டு எதையும் நிறுவ முடியாதென்பது நமக்குத் தெரியும்.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை முதலாம் பாடம் வழக்கம்போல் தொடங்கிற்று. பானையைக் கழுவிக் களஞ்சிய அறையில் வைத்திருந்தார்கள். அவள் முன்வரிசையில் அமர்ந்திருந்தாள்; தொகைநிலைத் தொடரை நாம் விளக்கிக் கொண்டிருந்தோம்; இடைவேளை மணிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.