முடிச்சு போட்டது நான்!

ஆஸ்திரேலியாவில் விட்சண்டே என்று 74 தீவுகள். அங்கே பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம், லைசென்ஸ் கேட்பதில்லை. ஸ்கூட்டருக்கே எட்டு போட்டுக் காட்டச் சொல்கிற ஊர்க்காரன் நான், நம்புவேனா? கம்பெனி ஆள் கொஞ்ச நேரம் சொல்லிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போயே போய்விட்டார்!

நாங்கள் நாலு பேர். மற்ற மூவருக்கும் பாய், சுக்கான், சமையல். பி.காம். என்பதால் எனக்கு வரவு செலவு. சாயங்காலம் நாலு மணிக்குள் நங்கூரம் போட்டுவிட்டு ரேடியோவில் ஆஜர் சொல்ல வேண்டும். ஆபீஸே தேவலை.

இரண்டாம் நாள், ஹூக் தீவு, நாரா இன்லெட். பின்னால் கட்டியிருந்த ரப்பர் படகு அவிழ்ந்துகொண்டது. தண்ணீர் வடிகிற நேரம். அதுபாட்டுக்கு வெளிக்கடலைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

"டெபாசிட் போச்சு!" என்று அலறினேன். ஆறு மாசமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாத நண்பன் (கைமாத்து விவகாரம், தப்பு என் மேல்தான்) சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்துவிட்டான். நீரோட்டம் அவனையும் இழுத்தது. டெபாசிட்டாவது மண்ணாவது! "விட்டுட்டு வாடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எப்படியோ எட்டிப் பிடித்து ஏறி, துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தான். மூச்சு வாங்க என்னைப் பார்த்தான். "முடிச்சு போடக்கூடத் தெரியாதாடா ஒனக்கு?"

ராத்திரி அவன்தான் கற்றுக்கொடுத்தான். ஏழாவது தடவைதான் வந்தது.